அடுப்பில் வெடித்த சுரைவிதை

விவசாய இலாகாவில் இந்த வருஷம் சேர்ந்திருக்கும் உங்களுக்கு விதை நேர்த்தி பற்றியோ பாத்தி கட்டுவது பற்றியோ நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் என் காலத்தைவிட உங்கள் புத்தகங்களில் நன்றாகவே இருக்கிறது. எனக்கு நன்றாகத் தெரிந்தது நான் மாட்டிக்கொண்ட இடங்கள்தான். அதில் ஒன்றைச் சொல்கிறேன். இதில் நான் செய்த திருட்டுத்தனம் ஒன்றும் வருகிறது. அதையும் மறைக்கப்போவதில்லை, ஏனென்றால் இனிமேல் என் பென்ஷனை யாரும் நிறுத்த முடியாது.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். ராசிபுரத்தில் நான் விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர், அதாவது ஊர் ஊராகப் போய்ப் பயிர் முறைகளைச் செய்து காட்டுகிறவன். அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையாததால் எல்லாரும் என்னை ‘வெதை ஐயா’ என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும், ஏனென்றால் என்னிடம் இல்லாதது விதைதான். காய்கறி அதிகமாகப் பயிரிடச் சொல்லும்படி மேலிடத்திலிருந்து தாள் மேல் தாளாக வந்தது. விதை மட்டும் வரவில்லை. வந்த இரண்டு மூன்று பொட்டலங்களையும் நான் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தேன்.

ஊருக்குள் நெசவாளர் தெருக்களில் பாதித் தறிகள் சும்மா நின்றன. பட்டு நூல் வரத்து நின்றுபோயிருந்தது. வீட்டுக்கு வீடு புறக்கடையில் இடம் இருந்தது, கொடி ஏற்றக் கூரை இருந்தது, வேலையில்லாத கைகளும் இருந்தன. ஊருக்கு வெளியே இரண்டு மைல் நடந்தால், மேட்டு நிலத்தில் பயிர் செய்யும் காட்டுக்காரர் வீடுகளில் பானை பானையாக விதை இருந்தது. இந்த இரண்டையும் சேர்த்துவிட்டால் என்ன என்று தோன்றியது. சந்தைக் கொட்டகை சும்மா கிடக்கும் நாளில் எல்லாரையும் கூட்டுவது, விதை இருப்பவர் கொடுப்பது, வாங்கியவர் காய்த்த பிறகு ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பித் தருவது என்று திட்டம் போட்டேன். நல்ல திட்டம் என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

முதல் கூட்டத்தை வெள்ளிக்கிழமை வைத்தேன். நெசவாளர் தெருப் பெண்கள் முறமும் கையுமாக வந்தார்கள். காட்டுக்காரர்களும் வந்தார்கள், வெறுங்கையோடு.

“விதை எங்கே?” என்று கேட்டேன்.

“வெள்ளிக்கெழமை வெதையை ஊட்டவுட்டு வெளிய அனுப்ப மாட்டமுங்க” என்றார் ஒரு பெரியவர்.

“அப்புறம் எதுக்கு வந்தீங்க?”

“நீங்க கூப்புட்டிருக்கறப்ப வராம இருந்தா மரியாதையா இருக்காதுங்களே.”

அடுத்ததை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினேன். செவ்வாய், வெள்ளி இரண்டும் ஆகாது என்று என் வீட்டிலேயே சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். வேட்டி மாற்றி காற்சட்டை போட்ட நாளில் மறந்துவிட்டேன் போலிருக்கிறது.

இப்போது பாவாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இல்லை, இரண்டு ஏக்கர் மேட்டுக்காடு, நான்கு மாடு, ஒரு கிணறு. அவள் வீட்டுச் சுரைக்காய் அந்தப் பக்கத்தில் பேர்போனது. கை கழுவிய தண்ணீர் போதும், கூரை முழுக்கக் காய்க்கும். ஒரு காய் எட்டுப் பேர் சாப்பாட்டுக்கு வரும். ஆனால் அந்த விதையை அவள் யாருக்கும் கொடுப்பதில்லை. விதை போனால் கொடியின் ராசியும் கூடவே போய்விடும் என்பது அவள் கட்சி. நான் மூன்று தடவை நடந்தேன். மூன்றாம் தடவை மோரைக் கையில் கொடுத்துவிட்டு, “இப்பிடி வெயில்ல நடந்து நடந்து நீங்க செத்துக்கித்துப் போனீங்கன்னா அந்தப் பாவம் எனக்கு வேணாஞ் சாமி, தர்றேன்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி வந்தாள். நெசவாளர் தெருவிலிருந்து ரத்தினம் என்ற பெண் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். இருபத்தைந்து வயது, மூன்று குழந்தைகள், கணவருடைய தறி நின்று நான்கு மாதம். அதுவரை ஒரு கீரைத்தண்டுகூட நட்டுப் பழக்கமில்லாதவள். எட்டுப் பேருக்கு வரும் காய் என்று கேட்டதும் அவள் கண் விரிந்ததை நான் பார்த்தேன். அவள் வீட்டிலும் மாமனார் மாமியார் மைத்துனரோடு சேர்த்து எட்டுப் பேர்தான். பாவாயி மடியிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வரட்டியை எடுத்து ரத்தினத்தின் முறத்தில் வைத்தாள்.

“பத்திரமா வெச்சுக்க அம்மிணி. ஆடி பொறந்ததும் பாத்துக்கலாம்” என்றாள். ரத்தினம் வரட்டியைப் பார்த்தாள், பாவாயியைப் பார்த்தாள், “சரிங்க” என்றாள்.

உங்களில் காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு இது புரிந்திருக்கும். சுரை, பூசணி, பீர்க்கன் விதைகளைப் பசுஞ்சாணத்தில் பதித்து, தட்டிச் சுவரில் ஒட்டிக் காயவைத்துவிடுவார்கள். பூச்சி அண்டாது, எலி தொடாது. விதைக்கும்போது வரட்டியை ஊறப்போட்டு உதிர்த்துக்கொள்ளலாம். பாவாயிக்கு அதைச் சொல்லித் தர வேண்டும் என்று தோன்றவில்லை. சோற்றைப் பிசைந்து சாப்பிடு என்று யாராவது சொல்லுவார்களா? எனக்கும் தோன்றவில்லை. நான் பக்கத்திலேயே நின்று, என் சாமர்த்தியத்தால் அந்த விதை கைமாறுவதை ரசித்துக்கொண்டிருந்தேன்.

அதற்கடுத்த கூட்டத்துக்கு நெசவாளர் தெருவிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. காட்டுக்காரர்கள் முளைக்கீரையும் அவரையும் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து, வெயில் ஏறும்வரை உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப்போனார்கள். ‘பிகு பண்ணிக்கறாங்க’ என்று ஒருவர் முணுமுணுத்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

புதன்கிழமை காலை பாவாயி என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். சிரித்துக்கொண்டேதான் நின்றாள்.

“ஏனுங்க சாமி, என்ற ஊட்டுல வெச்சிருந்த வரட்டி மழைல நனைஞ்சு போச்சுங்க. மாட்டுக்கொட்டாய்ல ஓடு ஒதுங்கிக் கெடந்தத ஆரும் பாக்கல. அத்தனையும் மொளச்சு, கோழி பொறக்கித் தின்னுருச்சு.”

“அடடா. வேற விதை?”

“ஒரு காய்ல ரெண்டு வரட்டிதான் தட்டுனேன். ஒண்ணு கோழிக்கு, ஒண்ணு அந்த அம்மிணிக்கு. அதனால என்னங்க, ஞாயித்துக்கெழமை வந்து அந்தப் புள்ளகிட்ட நாலு வெதை கேட்டு வாங்கிக்கறேன். நல்லவேளை, நீங்க நடையா நடந்து என்னையக் குடுக்க வெச்சீங்க.”

அவள் என்னைப் பாராட்டிவிட்டுப் போனாள். நான் உடனே சட்டையை மாட்டிக்கொண்டு நெசவாளர் தெருவுக்குப் போனேன்.

ரத்தினத்தின் மாமியார்தான் முதலில் பேசினார். “ஏனுங்க, தறி நின்னுபோச்சுன்னா எங்களுக்கு மானம் ரோசமெல்லாம் நின்னுபோச்சுங்களா? வெதை தர்றேன்னு கூட்டிட்டுப் போயி, ஊரு பாக்க ஒரு எருவைத் தூக்கிப் போட்டு அனுப்பறாங்க. எங்க ஊட்டுல அடுப்பெரிக்க வழியில்லைன்னு அவங்களுக்கு ஆரு சொன்னது? எங்க தெருவுல இனி ஒருத்தரும் வர மாட்டோம்.”

“அந்த வரட்டி எங்கேங்க இருக்கு?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“அடுப்புல வெச்சுட்டேனுங்க” என்றாள் ரத்தினம். “வெறகு தட்டுப்பாடா இருந்துச்சு, கோவமாவும் இருந்துச்சு. சோறு கொதிக்கறப்ப அடுப்புக்குள்ள படபடன்னு வெடிச்சுது. என்ன மாடுங்க இது, சாணி வெடிக்குதேன்னு நாங்க சிரிச்சோம்.”

விஷயத்தைச் சொன்னேன். மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ரத்தினத்தின் முகம் வெளுத்துப்போயிற்று. பாவாயியின் கையில் இப்போது ஒரு விதைகூட இல்லை, அவள் ஞாயிற்றுக்கிழமை கேட்க வரப்போகிறாள் என்பதையும் சொன்னபோது, ரத்தினம் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

எனக்கு மூன்று நாள் இருந்தது. இங்கேதான் என் திருட்டுத்தனம் வருகிறது. பூட்டி வைத்திருந்த பெட்டியில் இலாகா அனுப்பிய சுரைவிதை ஒரு பொட்டலம் இருந்தது. சுரைவிதைக்குச் சுரைவிதை என்ன பெரிய வித்தியாசம் தெரியப்போகிறது? ஆபீஸ் கொல்லையில் சாணத்தைக் கொண்டுவரச் சொல்லி, விதையைப் பதித்து நானே வரட்டி தட்டினேன். இரண்டு நாள் வெயிலில் புரட்டிப் புரட்டிக் காயவைத்தேன். பியூன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “சம்பளம் பத்தலீங்களா?” என்று அக்கறையாகக் கேட்டான். போடா என்றேன்.

இப்போது யோசித்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. பாவாயி அந்த விதையைப் போட்டு, ஆடி ஆவணி புரட்டாசி என்று காத்திருந்து, கூரை மேல் வேறு ஏதோ காயைப் பார்த்திருப்பாள். ராசி போய்விட்டது, கொடுத்ததால்தான் போய்விட்டது என்று நினைத்திருப்பாள். அதற்குப் பிறகு யாருக்கும் எதையும் கொடுத்திருக்கமாட்டாள். அப்போது நான் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையை எப்படித் தாண்டுவது என்பது ஒன்றுதான் மண்டையில் இருந்தது. அவசரத்தில் மனிதன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான் யோசிக்கிறான் என்பதை நீங்களும் உங்கள் வேலையில் கண்டுகொள்வீர்கள்.

சனிக்கிழமை அதை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு ரத்தினத்திடம் போனேன். “நாளைக்கு இதை அப்படியே அந்தம்மா கையில கொடுத்திரும்மா. பேச்சு வளராது” என்றேன்.

அவள் துணியைப் பிரித்து வரட்டியைத் திருப்பிப் பார்த்தாள். பட்டுச் சேலையில் ஒரு இழை தப்பியிருந்தால் முழம் தள்ளியே கண்டுபிடிக்கிற கண் அது.

“இதுல நாலு வெரல் பதிஞ்சிருக்குங்க” என்றாள்.

“அதனால?”

“அந்தம்மா தட்டுனதுல மூணு வெரல்தானுங்க. அடுப்புல வெக்கறப்பக்கூடப் பாத்தேன்.”

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பாவாயியின் வலது கைச் சுண்டுவிரல் எப்போதோ அரிவாள் பட்டு மடங்கியது, நிமிராது. மூன்று தடவை நடந்து, அந்தக் கையிலிருந்து மோர் வாங்கிக் குடித்தவன் நான். எனக்குத் தோன்றாதது, அவமானப்பட்டு நின்ற பெண்ணின் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

“நீங்க இதை எடுத்துட்டுப் போயிருங்க” என்றாள் ரத்தினம். “எரிச்சது நான். நானே சொல்லிக்கறேன்.”

“நாலு பேர் முன்னால ஏதாச்சும் சொல்லிட்டாங்கன்னா?”

“சொல்லட்டுங்க. அவங்க வெதைய எரிச்சதுக்கு அவங்க திட்டாம வேற ஆருங்க திட்டறது?”

ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் நல்ல கூட்டம். நெசவாளர் தெருக்காரர்கள் ஒரு பக்கமும் காட்டுக்காரர்கள் மறுபக்கமும் கல்யாணச் சண்டைக்கு நிற்கிற சம்பந்திகள் மாதிரி நின்றார்கள். பாவாயி வந்ததும் ரத்தினம் நேராக அவள் முன்னால் போய் நின்றாள். நான் குறுக்கே போய்ப் பக்குவமாக எடுத்துச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் சொல்லி முடித்துவிட்டாள்.

“அக்கா, நீங்க குடுத்தது வெதைன்னு எனக்குத் தெரியல. எருன்னு நெனச்சு அடுப்புல வெச்சுட்டேனுங்க.”

பாவாயியின் முகம் இறங்கியது. அவளுக்கு வலித்தது என்பதில் சந்தேகமே இல்லை. அவள் தூணைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். பிறகு நிமிர்ந்து ரத்தினத்தைப் பார்த்தாள்.

“சோறு வெந்துச்சா?” என்று கேட்டாள். குரலில் கேலி இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

“வெந்துச்சுங்க.”

“எத்தன பேரு சாப்புட்டீங்க?”

“எட்டுப் பேருங்க.”

“அப்பச் சரி, என்ற சொரக்கா எட்டுப் பேருக்குத்தான் வரும்” என்றாள் பாவாயி.

முதலில் சிரித்தது ரத்தினத்தின் மாமியார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அப்புறம் இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நானும் என் துணியைப் பிரித்து, நான் தட்டிய வரட்டியைக் காட்டி, செய்ய இருந்த காரியத்தை ஒத்துக்கொண்டேன். அதற்குத் தைரியம் எனக்குச் சொந்தமாக வரவில்லை, ரத்தினத்தைப் பார்த்து வந்தது. பாவாயி அதை வாங்கி முகர்ந்து பார்த்து, “இதை ஆருங்க தட்டுனது, மாடே ஒத்துக்காதே” என்றாள். அந்தப் பேச்சு ஊரில் பல வருஷம் ஓடியது.

சிரித்து முடித்தாயிற்று, விதை மட்டும் இல்லை. பாவாயி விரலை மடக்கி யோசித்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று எழுந்தாள்.

“சேந்தமங்கலத்துல என்ற தம்பி இருக்கறான். மூணு வருசத்துக்கு முந்தி ஒரு முத்தல் காய் வாங்கிட்டுப் போனான். அவனுக்கு நீச்சல் வராதுங்க, அத முதுகுல கட்டிட்டுத்தான் கெணத்துல எறங்குவான். அது இன்னும் ஒடையாம இருந்துச்சுன்னா உள்ள வெதை இருக்கும்.”

மறுநாள், பெட்ரோல் கிடைக்காமல் கரிப் புகையில் ஓடும் பஸ்ஸில் நாங்கள் போனோம். பாவாயி, ரத்தினம், அவள் மாமியார், நான். ஏற்றம் வந்த இடத்தில் எல்லாரும் இறங்கித் தள்ளினோம். தள்ளிக்கொண்டே மாமியாரும் பாவாயியும் எந்தச் சாணத்தில் வரட்டி நன்றாக நிற்கும் என்று பேசிக்கொண்டு வந்தார்கள்.

தம்பி என்று அவள் சொன்னவர் நாற்பது வயது ஆள், நல்ல ஆகிருதி, வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். சுரைக்குடுக்கை கயிற்று வலைக்குள் கிணற்று மேட்டில் தொங்கியது. பாவாயி எடுத்துக் குலுக்கினாள். உள்ளே கலகலவென்றது. உடைக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அவர் பதறிப்போனார்.

“அதைக் குடுத்துட்டா நான் எப்பிடிக்கா குளிக்கறது?”

“சொம்புல மோந்து ஊத்திக்க.”

“கெணத்த வெச்சுக்கிட்டு ஆராச்சும் சொம்புல குளிப்பாங்களா?”

“நீச்சலும் வராது, வாயும் ஓயாது உனக்கு” என்று சொல்லிக்கொண்டே கல்லில் ஒரு தட்டுத் தட்டினாள். குடுக்கை பிளந்தது.

எங்காவது தண்ணீர் கசிந்திருக்க வேண்டும், பெரும்பாலான விதைகள் பூசணம் பிடித்துக் கறுத்திருந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்கி, சொம்புத் தண்ணீரில் போட்டுப் பார்த்தாள் பாவாயி. மிதந்ததையெல்லாம் தள்ளினாள். கடைசியில் ஏழு விதை அடியில் நின்றன. அந்தச் சுரையில் உலகத்தில் மிச்சம் அந்த ஏழுதான்.

அந்தக் காலத்தில் எனக்கு ஒரு வழக்கம் இருந்தது. விதை தட்டுப்பாடு என்றால் கைதேர்ந்தவர்களுக்கு முதலில் கொடுப்பேன், புதியவர்களுக்கு மீந்ததைக் கொடுப்பேன். வீணாகக்கூடாதே என்ற நியாயம்தான். உங்களில் பலரும் இன்றைக்கு அதையே செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கும் நான் அதையே சொன்னேன், “ஏழையும் நீங்களே வெச்சுக்குங்க பாவாயம்மா” என்று. ரத்தினமும் தள்ளி நின்றுகொண்டாள், “எனக்கு வேணாங்க, நான் ஒருதரம் பண்ணுனதே போதும்” என்றாள்.

பாவாயி எங்கள் இருவர் பேச்சையும் காதில் வாங்கவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். மூன்று விதையை எடுத்துத் தன் மடியில் முடிந்துகொண்டாள். மீதி நான்கையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரத்தினத்தைக் கூப்பிட்டாள்.

“முந்தியை விரி அம்மிணி. எனக்கு மூணு போதும், ஒண்ணு மொளச்சாலும் காப்பாத்திருவேன். நீ இனித்தான் பழகோணும். உனக்குச் சாகறதுக்கே ரெண்டு வேணும்.”

ரத்தினம் முந்தானையை விரித்தாள். அவளுக்கு இரண்டு செத்துப்போயின. மற்ற இரண்டும் கூரை ஏறின.